ஒரு புள்ளிக்கு இருபது குறைவு

என் வீட்டுக்காரரை வெளியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பட்டன் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கையடக்க கேம் மிஷின் பைத்தியங்கள் கூடிப் பேசுகிற இணையக் குழு ஒன்று இருக்கிறது, அங்கே வைத்த பெயர். ஒரு பட்டனை அழுத்தினால் அது விரலுக்கு எப்படித் தெரிய வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், டக் என்று கேட்க வேண்டுமா டொக் என்று கேட்க வேண்டுமா என்று இவர் அங்கே பக்கம் பக்கமாக எழுதுவார். வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று நான் பத்துத் தடவை சொன்னால் ஒரு 'ம்' வரும்.

இவர் செய்வது அந்த மிஷின்தான். இரண்டு கைக்குள் அடங்கிவிடும். நடுவில் திரை, இரு பக்கமும் பட்டன், பழைய வீடியோ கேம்களை அதில் ஏற்றி விளையாடலாம். பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கில் செய்து தள்ளுகிற பொருளை இவர் எங்கள் வீட்டு இரண்டாவது படுக்கையறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்கிறார். அங்கே இருந்த மகளின் கட்டில் ஹாலுக்கு வந்துவிட்டது. அவளுடைய அலமாரியில் ஸ்க்ரூ டப்பாக்களும் பேட்டரிகளும் இருக்கின்றன. அவளுடைய துணிகள் என் அலமாரியில் இருக்கின்றன. என் துணிகள் எங்கே இருக்கின்றன என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஜன்னலைத் திறந்தால் தூசி வந்து திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உட்கார்ந்துவிடுமாம், அதனால் அந்த ஜன்னலைத் திறந்து வெகுநாள் ஆகிறது. ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் வாடை அடுப்படி வரைக்கும் வரும்.

அதற்கு முன் இவர் ஒரு டி.வி. கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சீனியர் டெக்னீஷியன். மாதம் பிறந்தால் சம்பளம். அப்போது பொழுதுபோக்காக ஒரு சின்ன லாட் மிஷின் செய்து குழுவில் விற்றார். சுடச்சுட விற்றுத் தீர்ந்தது. இவருக்குக் கால் தரையில் பாவவில்லை, வேலையை விட்டுவிட்டார். நானோ ஒரு பெயிண்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு டப்பா பெயிண்டுக்கு அடக்கம் எவ்வளவு, அதில் மூடிக்கு எவ்வளவு, மூடியில் ஒட்டுகிற ஸ்டிக்கருக்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. விற்றுத் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் மிச்சம் என்ன என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். கேட்டேன். "எல்லாம் வித்துடுச்சு" என்று மறுபடியும் அதையே சொன்னார்.

இரண்டாவது லாட்டுக்கு விலை வைத்தபோதாவது நான் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். மிஷினின் விலை நூறு என்று வைத்துக்கொள்வோம், எனக்குச் சதவீதம் போடுவதற்கு அதுதான் வசதி. அதில் திரைக்கு இருபத்திரண்டு போகிறது. மெமரியோடு சேர்ந்த போர்டு முப்பது. பட்டன்களும் விரலால் ஆட்டுகிற குமிழ்களும் எட்டு. வெளிக்கூடு ஒன்பது, பேட்டரி ஏழு, அட்டைப்பெட்டி மூன்று. கூரியருக்கு ஆறு, பணத்தை வாங்கித் தருகிற ஆன்லைன் கம்பெனிக்கு நாலு. எல்லாம் சேர்ந்து எண்பத்தொன்பது. மிச்சம் பதினொன்று. இவர் முகம் மலர்ந்து, பதினொன்று லாபம் என்றார்.

"உங்க கூலி எங்க?" என்றேன்.

"எனக்கு எதுக்கும்மா கூலி? என்னோட மிஷின்தானே."

"அப்ப இந்தப் பதினொண்ணு லாபம் இல்லைங்க. உங்க கூலி. அதுவும் மூட்டை தூக்குறவருக்குக் குடுக்கிறதுல பாதி வராது. இதுல கெட்டுப்போய்த் திரும்பி வர்றதுக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

"திரும்பி வராது. நான் செய்யறது கெடாது."

"சரி, நூறுன்னு எதை வெச்சுச் சொன்னீங்க?"

"பெரிய கம்பெனி மிஷின் நூத்தி அஞ்சு. அதைவிட அஞ்சு கம்மி இருந்தாத்தான் நம்மகிட்ட வருவாங்க."

இந்த இடத்தில் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. பெரிய கம்பெனி மிஷினை அடக்க விலைக்கே தள்ளிவிடும். அப்புறம் ஒவ்வொரு கேமையும் விற்று அதன் வாழ்நாள் முழுக்கச் சம்பாதிக்கும். அவர்களுக்கு மிஷின் என்பது வாசல்படி, கடை உள்ளே இருக்கிறது. இவருக்குக் கடையே வாசல்படிதான். இதை நான் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த நாளே குழுவில் யாரோ ஒருவர், குமிழ் சீக்கிரம் தேய்ந்துவிடும் போலிருக்கிறதே என்று எழுத, காந்தம் வைத்த உயர்ந்த ரகக் குமிழுக்கு மாற்றிவிட்டார். அதில் கூடிய செலவு அரைக்கும் கீழேதான், ஆனாலும் விலையை ஏற்றவில்லை. அவர் கேட்டுவிட்டாராம்.

பெரிய சண்டைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். இந்த லாட் முடிந்ததும் கையில் இவருடைய பழைய ஒரு மாதச் சம்பளம் அளவுக்காவது நின்றால் தொடரலாம், நான் வாயைத் திறக்கமாட்டேன். நிற்கவில்லையென்றால் சர்வீஸ் சென்டருக்குத் திரும்பிப் போகவேண்டும். அங்கே மேனேஜர் நல்ல மனிதர். இவரைப் போல வேலை தெரிந்தவர் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். "சீட்டைக் கொஞ்ச நாளைக்குக் காலியா வெச்சிருக்கேம்மா. ரொம்ப இழுக்காதீங்க, மேலிடத்துல கேக்கிறாங்க" என்று என்னிடமே போனில் சொன்னார். இவர் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார், பதினொன்றை அவ்வளவு நம்பினார்.

பாதிப் பணம் முன்னால் கட்டிப் பதிவு செய்தார்கள். பதிவு நிறைந்துவிட்டது. அப்போதுதான் இவர் மெமரி சிப் வாங்கப் போனார். அதாவது, விலையைச் சொல்லிவிட்டு, பணத்தையும் வாங்கிவிட்டு, அதற்கப்புறம் பொருள் வாங்கப் போகிற ஆள் இவர். உலகத்தில் இருக்கிற பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் தங்கள் கம்ப்யூட்டர்களுக்காக மெமரியை அள்ளிக்கொண்டு போய்விட்டன. போர்டில் பத்துக்கு வந்துகொண்டிருந்த மெமரி பதினெட்டு ஆகியிருந்தது. "இன்னிக்கு ரேட்டு இது. நாளைக்கு வந்து இதே ரேட்டு கேக்காதீங்க" என்றாராம் சப்ளையர். பதினொன்றில் எட்டு அங்கேயே போயிற்று.

"விலையை ஏத்துங்க" என்றேன்.

"புக் பண்ணிட்டாங்களே. நூறுன்னு சொல்லிட்டேன்."

"சப்ளையரும்தான் உங்ககிட்ட பத்துன்னு சொன்னாரு. இப்ப ஏத்தலையா?"

"அது அவரு."

தோசைக்கரண்டி கையில் இருந்தது, அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

மிச்சம் மூன்று மட்டுமாவது கையில் நிற்கும் என்று நினைத்தேன். அதுவும் எங்கே போகிறது என்று அறைக்குள் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திரை வந்ததும் இவர் ஒவ்வொன்றையும் எரியவிட்டுச் சோதிப்பார். முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், வெள்ளை, கறுப்பு. கண்ணில் கடிகாரக்காரர் லென்ஸை மாட்டிக்கொண்டு ஓரத்திலிருந்து ஓரம் பார்ப்பார். படத்தைக் காட்டுகிற லட்சக்கணக்கான புள்ளிகளில் ஒரு புள்ளி எரியவில்லையென்றால் அந்தத் திரை அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போய்விடும். சப்ளையர் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார். மூன்று புள்ளி வரைக்கும் குறையில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற விதி. இவர் மட்டும் ஒரு புள்ளியோடு ஒரு திரையைப் புதைத்துவிடுவார். பத்துத் திரையில் ஒன்று இப்படிப் போனால் மிஷினுக்கு இரண்டுக்கு மேல் ஆகிறது. மூன்றில் இரண்டும் போயிற்று. எங்கள் லாபம் முழுக்க மகளின் அலமாரியில் கீழ்த்தட்டு நிறைய அடுக்கியிருந்தது. குனிந்து எண்ணிப் பார்க்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

ஒரு திரையை எடுத்து எரியவிட்டு, கண்ணுக்கு நேரே வைத்துத் தேடினேன். எனக்குப் புள்ளி தெரியவே இல்லை. இவர் விரலால் காட்டியபிறகும் தெரியவில்லை.

"இதையே போட்டு அனுப்புங்க" என்றேன். "விதிப்படி இது குறையே இல்ல. டி.வி. கம்பெனியில இருந்தப்ப நீங்களே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பீங்க, ரெண்டு மூணு புள்ளி இருந்தா மாத்தித் தரமுடியாதுன்னு."

"சொல்லிச் சொல்லித்தான் அங்கேர்ந்து வந்தேன்" என்றார்.

வேலையை விட்டதற்கு இப்படி ஒரு காரணம் இருப்பதாக இவர் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. கேம் ஆசையில் விட்டார் என்றுதான் நான் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த திரையைக் கீழ்த்தட்டிலேயே திருப்பி வைத்தேன். ஆனால் அதனால் கணக்கு நேராகிவிடாதே.

கடைசியில் இவரே ஒரு வழி சொன்னார். புள்ளி உள்ள திரைகளைப் போட்டுத் தனியாகக் கொஞ்சம் மிஷின் செய்து, பதிவு செய்யாதவர்களுக்கு விற்கலாம். ஆனால் புள்ளி இருக்கிறது என்று சொல்லித்தான் விற்பேன், விலையையும் குறைத்துத்தான் விற்பேன் என்றார். குறைத்து என்றால் எவ்வளவு என்று கேட்டேன். எண்பது என்றார். திரைக்கு ஏற்கனவே பணம் அழுதாகிவிட்டது, அதைக் கழித்துப் பார்த்தால் எழுபத்தைந்து அடக்கம், ஐந்து மிஞ்சும். ஒன்றும் இல்லாததற்கு ஐந்து தேவலை. தொண்ணூற்றைந்துக்கு வையுங்கள் என்று மன்றாடினேன். குறையுள்ள பொருளுக்கு ஐந்து மட்டும் குறைத்தால் அது ஏமாற்றுவேலை என்று சொல்லிவிட்டார்.

அறிவிப்பைப் போட்டார். ஒவ்வொரு திரையையும் படம் எடுத்து, புள்ளி எங்கே என்று சிவப்பு வட்டம் போட்டு அறிவித்தார். வட்டம் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதால் வட்டம். தன் பொருளில் கண்ணுக்குத் தெரியாத குறையைக்கூடப் பெரிதாக்கிக் காட்டுகிற வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெயிண்ட் கம்பெனியில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் மதியத்துக்குள் வாசலுக்கு வெளியே நின்றிருப்பார்.

மதியத்துக்குள் மிஷின்கள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டே குழுவைத் திறந்து பார்த்தேன். வட்டம்தான் தெரியுது புள்ளி எங்கே என்று ஒருவர் எழுதியிருந்தார். சிரித்துவிட்டேன். அடுத்தது, ஏற்கனவே பதிவு செய்த ஒருவர். 'பட்டன் சார், எனக்கும் புள்ளி வெச்சதையே மாத்திக் குடுங்க, மீதியைக் கம்மியாக் கட்டிடறேன்.' அவருக்குக் கீழே இன்னும் பலர் கைதூக்கியிருந்தார்கள். புள்ளி வைத்தது தீர்ந்துவிட்டது என்று இவர் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். அதற்கு ஒரு மகராசன் எழுதியிருந்தார்: 'புள்ளி இல்லாட்டாலும் பரவாயில்ல சார். அந்த விலைக்கே குடுங்க.'

அதைப் படித்ததும் டிபன் டப்பாவை மூடிவிட்டேன். இவர் கழுத்தெல்லாம் பிடித்துக்கொள்ள லென்ஸ் வைத்துத் தேடித் தேடி ஒதுக்கிய அந்தப் புள்ளியைப் பற்றி ஓர் ஆளுக்கும் கவலை இல்லை. இருபது குறைகிறதென்றால் மூன்று புள்ளி வைத்ததையும் கொண்டாடி வாங்குவார்கள்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலத்துக்குள் பேச்சு திரும்பிவிட்டது. குழுவில் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிற ஆள் ஒருவர் உண்டு, கால்குலேட்டர் என்று பெயர். அவர் எழுதினார்: ஒரு புள்ளிக்கு இருபது குறைக்க முடிகிறதென்றால், புள்ளி இல்லாத மிஷினில் இவர் எத்தனை இருபது அடிக்கிறார்? அதற்குக் கீழே கட்டைவிரல்களாக வந்து குவிந்தன. அப்போ இதன் உண்மையான விலை எண்பதுதானா என்று ஒருவர். சின்ன ஆள் என்று நம்பித்தானே முன்பணம் கட்டினோம் என்று ஒருவர். லாப வெறி என்று ஒருவர், இரண்டே வார்த்தை.

லாப வெறி. ஒட்டுப்போட்ட சட்டையோடு கூரியர் ஆபீஸ் வரிசையில் நிற்கிற ஆளுக்கு. தன் கூலி என்று ஒன்று இருப்பதே தெரியாத ஆளுக்கு. பஸ்ஸில் வரும்போதே போனில் முழு அடக்கத்தையும் டைப் செய்தேன், திரை இவ்வளவு, மெமரி ஏறியது இவ்வளவு, மிச்சம் ஒன்றுக்கும் கீழே என்று. கால்குலேட்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வரியும் சேர்த்தேன். வீட்டுக்கு வந்து, இதை அப்படியே உங்கள் பெயரில் போடுங்கள் என்று நீட்டினேன்.

"வேண்டாம்மா. போட்டுட்டேன்" என்றார்.

"என்ன போட்டீங்க?"

போனைத் திருப்பிக் காட்டினார். எல்லாருக்கும் எண்பதே. பாதி கட்டியவர்கள் மீதி முப்பது கட்டினால் போதும்.

எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது தடவை படித்தபிறகுதான் புரிந்தது. "ஏங்க? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"என்னைத் திருடன்னு சொல்லிட்டாங்க."

"திருடன்னு சொன்னா, நீங்களே வீட்டுக் கதவைத் திறந்து விட்டுருவீங்களா? ஒதுக்கின திரையோட சேர்த்தா அடக்கமே தொண்ணூத்தொம்பது. ஒவ்வொரு மிஷினுக்குள்ளயும் பத்தொம்பது வெச்சு அனுப்பப் போறீங்க. எங்கேர்ந்து குடுப்பீங்க?"

வேலையை விட்டபோது கம்பெனி கொடுத்த தொகை வங்கியில் இருந்தது. அங்கிருந்து கொடுப்பார். மகளின் படிப்புக்கு என்று வைத்திருந்த தொகை அது. ஹாலில் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவள் தலையைத் தூக்காமலே காதைப் பொத்திக்கொண்டாள். நான் கத்தியது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். இவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சண்டைக்கு வராத ஆளோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போடமுடியும்?

குழுவில் இவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பட்டன் சார் தங்கம் என்று எழுதினார்கள். தங்கம் என்ன விலை விற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது போலிருக்கிறது. கால்குலேட்டர்கூட ஓர் இதயம் போட்டிருந்தார், அவருக்கும் ஒரு மிஷின் எண்பதுக்குப் போகிறது.

இவர் எல்லா மிஷினையும் செய்து முடித்தார். ஒன்றிலும் வேலையில் குறை வைக்கவில்லை. நடுவில் ஒருநாள் அறைக்குள் எட்டிப் பார்த்தால் மறுபடியும் லென்ஸ், சிவப்பு, பச்சை, நீலம்.

"எண்பதுக்கு விக்கிறதுக்கு இன்னும் எதுக்குப் புள்ளி பாக்குறீங்க?" என்றேன்.

"பழக்கம்" என்றார், தலையைத் திருப்பாமல்.

கடைசி மிஷினைக் கூரியரில் போட்டுவிட்டு வந்த அன்று இவரே மேனேஜரைக் கூப்பிட்டார். ஒப்பந்தத்தை நான் ஞாபகப்படுத்தவில்லை. பக்கத்தில் நின்று கேட்டேன். சரிங்க சார், திங்கட்கிழமை வந்துடறேன் சார், கஸ்டமர் கவுண்ட்டர்தானே, பரவாயில்லைங்க சார் என்றார். உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கிற பழைய பெஞ்ச் வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டதாம், புகார் வாங்குகிற கவுண்ட்டர்தான் காலியாம். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. மாதம் பிறந்தால் சம்பளம். எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை. இவர்மேல் கோபம், குழுவின்மேல் கோபம், மெமரிக்காரன்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் என்மேலேயே ஏனென்று தெரியாத ஒரு கோபம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளின் கட்டிலை அறைக்குள் தள்ளிப் போட்டோம். அவள் முதல் காரியமாக ஜன்னலைத் திறந்தாள். இவர் சமையலறைக்கு வந்து, நான் வெங்காயம் நறுக்குகிற மேடைக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். புதிய சம்பளம் எவ்வளவு என்று மேனேஜர் சொன்னதைச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "இந்தச் சம்பளத்தை என் கூலின்னு வெச்சு, நீ ஒரு தடவை அடக்கம் போட்டுச் சொல்லேன். மிஷின் என்ன விலை வந்திருக்கும்?" என்று கேட்டார்.

இத்தனை நாள் தலைகீழாக நின்று கேட்டேன், அப்போது கூலியைக் கணக்கில் சேர்க்க விடவில்லை. இப்போது கேட்கிறார். கத்தியை வைத்துவிட்டு மனசுக்குள் போட்டேன். ஒரு மிஷினுக்கு இவர் செலவழிக்கிற நேரம், குழுவில் பதில் எழுதுகிற நேரம், ஏறிய மெமரி, ஒதுக்குகிற திரை, திரும்பி வருவதற்குக் கொஞ்சம், எல்லாவற்றுக்கும் மேல் லாபம் என்று பெயருக்கு ஒரு பத்து.

"நூத்தி அறுபது" என்றேன்.

"நூத்தி அறுபதா." கணக்கு சரிதானா என்று இவர் கேட்கவில்லை. "அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டாங்களே."

"மாட்டாங்க."

தன் விரல்களைப் பார்த்தார். பிறகு சின்னக் குரலில், "நான் வாங்குவேன்" என்றார்.

"வாங்கினீங்களே" என்றேன். "ஒவ்வொண்ணையும் நீங்கதான வாங்கினீங்க. அவங்க எண்பது போட்டாங்க, மீதி எண்பதையும் நீங்க போட்டீங்க."

இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்கவேண்டாம். ஆனால் கணக்கு அதுதான். இவர் எழுந்தார். நாளைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை, இரண்டு பேருமாகத் தேடினோம்.